விட்டாச்சு என்று சொன்னேன்

என் அண்ணனைச் சம்மட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதலில் அடிப்பான், பிறகுதான் பேசுவான். சின்ன வயதில் அப்பா எங்கள் இரண்டு பேரையும் பெல்ட்டால் விளாசுவார். அண்ணனுக்கு மீசை அரும்பிய வருஷம், ஓங்கிய அந்தக் கையை எட்டிப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அடுக்களையில் நின்ற அம்மாவுக்கே கேட்டது. அதற்குப் பிறகு அப்பா யார் மேலும் கை வைக்கவில்லை. கை பேசினால் காரியம் நடக்கும் என்று அன்றைக்கு அவன் மண்டையில் ஏறியது இன்னும் இறங்கவில்லை. அந்தப் பிடி என் முதுகையும் சேர்த்துக் காப்பாற்றியதால் அதை இறக்கிவைக்க நானும் முயற்சி செய்ததில்லை.

இப்படிப்பட்டவன் பிழைப்புக்கு என்ன செய்தான் என்றால், உட்கார்ந்து புரோகிராம் எழுதினான். பட்டறைகளில் ரம்பத்தையும் கடைசல் இயந்திரத்தையும் ஓட்டுகிற சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்குமே, அவற்றுக்குள் போகும் புரோகிராம். எழுதும்போது ஒரு வரி தகராறு செய்தால் கீபோர்டை முழங்காலில் அடித்து இரண்டாக்குவான். எங்கள் வீட்டு மாடி அறை அவனுடையது. கீழே நானும் என் வீட்டுக்காரரும். மேலே டமார் என்று சத்தம் கேட்டால், "மச்சான் யோசிக்கிறார்" என்பார் என் வீட்டுக்காரர்.

நான் வேலை செய்வது பழைய கார்களை நசுக்கும் யார்டில். ஒரு பெரிய இரும்புத் தொட்டி, அதற்கு மேலே இரும்பு மூடி. காரைத் தூக்கி உள்ளே போட்டதும் எண்ணெய் அழுத்தத்தில் மூடி இறங்கும். கண்ணாடி தெறிக்கும், கூரை மடங்கும், டயர் வெடிக்கும். யாரோ சீட்டுக்கு அடியில் மறந்துவிட்டுப்போன சீப்பு, குழந்தைச் செருப்பு எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். பேனல் முன்னால் நின்று பட்டனை அமுக்கிப் பிடிப்பது என் வேலை. பிடித்திருக்கும்வரை மூடி இறங்கும், விரலை எடுத்தால் நின்றுவிடும். ஏற்றுவதற்கு இன்னொரு பட்டன், அதையும் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சொல்ல வெட்கமில்லை, எனக்கு இந்த வேலை பிடிக்கும். யார் மேலாவது ஆத்திரம் இருந்தால் அன்றைக்குக் கார்கள் நன்றாக நசுங்கும்.

கதவோ பம்பரோ தொட்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதும் உண்டு. அப்போது மூடியைப் பாதியில் நிறுத்தி, விரலை எடுத்துவிட்டு, "விட்டாச்சு" என்று கத்துவேன். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான், காரைக் கொக்கியில் மாட்டித் தூக்கிவிடும் கொக்கிக்காரர் கடப்பாரையோடு மூடிக்குக் கீழே கையை நுழைத்து, துருத்தியதை உள்ளே அடித்துத் தள்ளுவார். கையை வெளியே இழுத்து அவர் "எடுத்தாச்சு" என்றால்தான் நான் மறுபடி பட்டனைத் தொடுவேன். செய்யவே கூடாத வேலை இது. ஆனால் யார்டு இப்படித்தான் ஓடியது.

நான் சேருவதற்கு முன்னால், பட்டனுக்குப் பதிலாக லீவர் இருந்த காலத்தில், விட்டாச்சு என்று சொன்ன பிறகும் லீவர் துருவில் சிக்கிக்கொண்டு மூடி இறங்கிவிட்டது. உள்ளே குனிந்திருந்த ஆளைக் காரிலிருந்து தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் முதலாளி என் அண்ணனைக் கூப்பிட்டுப் பேனல் செய்யச் சொன்னார்.

"ஓட்டுறதுக்கு எந்த மடையனும் எழுதிருவான். நிறுத்துறதுக்கு எழுதணும், அதுதான் வேலை" என்று சொல்லிக்கொண்டே எழுதினான். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, இரண்டு ரப்பர் பட்டன்கள், பக்கத்துக் கம்பத்தில் அவசரத்துக்கு நிறுத்த ஒரு சிவப்புக் குமிழ். பார்க்கச் சகிக்காது. முதல் நாள் எல்லோரும் கூடி நிற்கும்போது தன் வலது கையை மூடிக்குக் கீழே வைத்துக்கொண்டு, "அமுக்கு" என்றான்.

"அண்ணே, உனக்கென்ன பைத்தியமா?"

"அமுக்குடி. நான் எழுதினத நானே நம்பலேன்னா வேற எவன் நம்புவான்?"

அமுக்கினேன். மூடி அவன் புறங்கை முடியை உரசும்போது விரலை எடுத்தேன். நின்றது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே கையை எடுத்து என் தலையில் ஒரு குட்டு வைத்தான். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி வருஷக்கணக்காக ஓடியது, ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

ஆனால் அதை மாற்ற நினைத்த முதலாளியையும் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். பெட்டிக்குள் இருந்த பாகங்கள் கடையில் கிடைப்பது நின்றுபோனது. ஏதாவது கோளாறு என்றால் அண்ணன் மனசு வைத்துத்தான் வர வேண்டும். ஒரு தடவை வந்தவன், எதற்கு இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு முதலாளியின் மேஜைக் கண்ணாடியைக் குத்தி உடைத்துவிட்டுப் போனான். வீட்டிலிருந்தே போனில் யார்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் முதலாளிக்கு இருந்தது. கடைசியில் புதுப் பேனல் செய்ய அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவருக்கு வெப்சைட் செய்யும் வேலை. குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தது எனக்கே அதிசயம்தான்.

வேலையை ஒத்துக்கொண்டதை என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில்தான் சொன்னார்.

"மச்சான், இத பிரவுசர்ல எழுதிரலாம்னு இருக்கேன். ஒரு தடவை எழுதினா போதும். டேப்லெட், போன், ஆபீஸ் கம்ப்யூட்டர், எல்லாத்துலயும் அதே ஓடும். டேப்லெட் உடைஞ்சா கடையில இன்னொண்ணு வாங்கி மாட்டிக்கலாம். உங்க பெட்டி உடைஞ்சா?"

"அது உடையாது."

"உங்க கை பட்டா உடையும்."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினான். கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, இருந்தாலும் பேசினான். "பிரவுசர் எதுக்கு வந்துச்சு மாப்பிள்ளை? படிக்கிறதுக்கு. எங்கயோ ஒருத்தன் எழுதி வெச்சத இங்க உக்காந்து படிக்கிறதுக்கு. அதுக்கு அத விட நல்லது கிடையாது, நானே ஒத்துக்குறேன். அதுமேல படம் போட்டீங்க, பாட்டு போட்டீங்க, கடை போட்டீங்க. சரி. இப்ப அத வெச்சு மூடிய இறக்கணும்ங்கறீங்க."

"எல்லா கம்பெனிக்காரங்களும் ஒண்ணா உக்காந்து பேசி எழுதின விதி மச்சான். ஸ்டாண்டர்டு. எது எப்படி நடக்கணும்னு வரி வரியா எழுதி வெச்சிருக்கு."

"எழுதினபடி செஞ்சே ஆகணும்னு எவனையாவது கட்டி வெச்சிருக்கா? ஆளுக்கொரு மாதிரி செய்றான். அது போதாதுன்னு நாம தூங்கும்போது அது தானா வேற மாறிக்குது. உலகத்துல உள்ள எல்லா வேலைக்கும் பொதுவா ஒண்ணு செஞ்சா, அதுக்கு எந்த வேலையும் முழுசா தெரியாது. இவ விரல வெச்சா அது என்ன நினைக்கும் தெரியுமா? இவ எதையோ படிக்கிறான்னு நினைக்கும்."

"அதையெல்லாம் தடுத்து எழுதலாம். எழுதிட்டேன். கையில கிடைச்ச அத்தனை டேப்லெட்லயும் போட்டுப் பாத்தாச்சு."

"உன் கைய வெச்சுப் பாத்தியா?"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "கைய வெச்சா டெஸ்ட் பண்ணுவாங்க? காட்டுமிராண்டிங்கதான் பண்ணுவாங்க."

அவர் சொல்லி முடித்ததும் அண்ணனின் முஷ்டி அவர் வாயில் இறங்கியது. நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார். முன்பல் ஒன்று அண்ணனின் தட்டிலேயே வந்து விழுந்தது. அவன் மேஜையைச் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தான், நான் அடுப்பிலிருந்த வெந்நீரை எடுத்து அவன் முதுகில் ஊற்றினேன். எனக்கும் அதே அப்பாதானே. அலறிக்கொண்டு மாடிக்கு ஓடினான். ஒருவர் வாயில் ரத்தம், ஒருவர் முதுகில் கொப்புளம், இரண்டுக்கும் நான்தான் மருந்து போட்டேன். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பல் போன இடத்தில் நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டே என் வீட்டுக்காரர் மிச்சத்தை எழுதி முடித்தார்.

டேப்லெட்டை மாட்டிய அன்று, பழைய பெட்டியைக் கழற்றி ஆத்திர அவசரத்துக்கு ஓரமாக வைக்கச் சொன்னார் முதலாளி. அண்ணனுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. நிஜச் சம்மட்டியோடு யார்டுக்கு வந்தான். "என்னோடது இங்க எவனுக்கும் எடுபிடியா நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் சுவரோடு வைத்து அடித்தான். பட்டன்கள் பல் மாதிரி தெறித்து விழுந்தன. தடுக்கப் போன காவலாளியைத் தோளால் இடித்துக் குப்புறத் தள்ளினான். கம்பத்துச் சிவப்புக் குமிழின் வயரும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போயிருந்தது. பெட்டி செத்ததும் குமிழும் செத்தது.

"குமிழுக்குத் தனியா வயர் இழுக்கணும் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"திரையிலதான் சிவப்பா ஒண்ணு இருக்கே, அது போதும்" என்றார் முதலாளி. என் வீட்டுக்காரர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவது அவருக்கு வராது.

உண்மையைச் சொன்னால், என் வீட்டுக்காரர் பிரவுசரில் எழுதிய அந்தப் பக்கம் நன்றாகவே ஓடியது. மூடி எங்கே நிற்கிறது, அழுத்தம் எவ்வளவு என்று படமாகவே காட்டியது. விரலை எடுத்தால் நின்றது. நான் விரல் வைத்திருக்கும்வரை பக்கம் மோட்டாரிடம் "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், அது சொல்வதை நிறுத்தினால் மூடி நின்றுவிடும், அப்படி எழுதியிருப்பதாக என் வீட்டுக்காரர் விளக்கினார். எனக்கு அது பிடித்துப்போனது. அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை, வெந்நீர்க் கொப்புளம் இன்னும் ஆறியிருக்கவில்லை. கொக்கிக்காரருக்கு மட்டும் அந்தக் கண்ணாடித் திரை மேல் நம்பிக்கை வரவில்லை. நீளமான கழியை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றே குத்துவார்.

அந்த நாள் காலையில் டேப்லெட்டைத் திறந்தபோது, பிரவுசர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதாக ஒரு வரி காட்டி மறைந்தது. பக்கம் எப்போதும்போலத்தான் இருந்தது. முதலாளிக்கு எதையோ காட்ட என் வீட்டுக்காரர் வந்திருந்தார். கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த பழைய வயர்களை உருவிக்கொண்டு போக அண்ணனும் வந்திருந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முதலில் ஒரு வேன் வந்தது. அதன் பின்கதவு தொட்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கொக்கிக்காரரின் கழி வளைந்ததே தவிர, கதவு அசையவில்லை.

"கடப்பாரைய எடுத்துட்டுக் கிட்டப் போய்யா" என்றார் முதலாளி.

"அந்தக் கண்ணாடிய நம்பி என் கைய விடமாட்டேன் மொதலாளி."

"அப்ப எதுக்கு உனக்குச் சம்பளம்?" முதலாளி அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தொட்டிப் பக்கம் தள்ளினார். அந்த மனுஷன் முட்டி தேய விழுந்தார். அண்ணன் வயரைப் போட்டுவிட்டு வந்தான். முதலாளியின் கழுத்தைப் பிடித்து ஒரு காரின் மேல் சாய்த்து முகத்தில் ஒரே ஒரு குத்து. மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தான்.

"நான் அடிக்கிறேன். கண்ணாடிய நம்பல, என் தங்கச்சி விரல நம்புறேன். அவ விட்டாச்சுன்னா விட்டாச்சுதான். இறக்கு குட்டி."

அவனுக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவன் பெட்டியில் என் விரல் இருந்ததுபோலவே அன்றைக்கும் இருப்பதாக அவன் உடம்பு நினைத்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இறக்கினேன். மூடி கதவைத் தொட்டதும் விரலை எடுத்தேன். "விட்டாச்சு" என்று கத்தினேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வலது கையை உள்ளே விட்டு அடிக்கத் தொடங்கினான்.

திரையில், என் விரல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டி முளைத்திருந்தது. நகலெடு, பகிர், தேடு. மூடி நிற்கவில்லை.

"அண்ணே, எடு" என்று அலறினேன். கதவில் கடப்பாரை இடிக்கும் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. நிறுத்துவதற்கு இருந்த சிவப்பு வட்டத்தைத் தட்டினேன். வெள்ளைப் பட்டி மறைந்தது, அவ்வளவுதான். அந்தத் தட்டு பட்டியை மூடுவதற்கே சரியாகப் போய்விட்டது. மூடி இறங்கிக் கடப்பாரையின் மேல் உட்கார்ந்தது, கடப்பாரை சுழன்று அவன் கையைத் தொட்டி விளிம்போடு வைத்து மாட்டியது. இன்னொரு தடவை தட்டினேன். அப்போதுதான் நின்றது. அதற்குள் எலும்பு உடையும் சத்தம் கேட்டுவிட்டது. சின்ன வயதில் கேட்ட அதே சத்தம்தான்.

அண்ணன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியை இடது கையால் குத்திக்கொண்டே இருந்தான். மூடியை மேலே ஏற்றினால்தான் கை வெளியே வரும். ஏற்றுவதற்கு இருந்தது அந்தத் திரை ஒன்றுதான். பழைய பெட்டி சுவரோரம் சில்லு சில்லாகக் கிடந்தது.

"தொடாத" என்றான் அண்ணன். "அத நம்பித் தொடாதடி. அது இன்னும் இறக்கிரும்."

"ஏத்துற பட்டன அமுக்கு" என்றார் என் வீட்டுக்காரர். முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினார். "அது ஏத்தும். நான் எழுதினது. அமுக்கு."

"தொட்டா உன்னக் கொன்னுருவேன்."

யார் பேச்சைக் கேட்பது? ஒருவன் எனக்காக அப்பாவின் கையை முறித்தவன். இன்னொருவர் என்மேல் ஒரு நாளும் கை ஓங்காதவர். நான் விரலை வைத்தேன். மூடி ஒரு முனகலோடு மேலே போனது. மறுபடியும் அந்த வெள்ளைப் பட்டி வந்தது. நகலெடு, பகிர், தேடு. பயந்துபோய் விரலை எடுத்துவிட்டேன். இந்தத் தடவையும் மூடி நிற்கவில்லை, உச்சிவரை போய்த்தான் நின்றது. எந்தக் கோளாறு கையைத் தின்றதோ அதே கோளாறுதான் அதை விடுவித்தது. நான் டேப்லெட்டைப் பிடுங்கித் தரையில் போட்டு, கையில் அகப்பட்ட ஒரு இரும்புத் துண்டால் திரை அணையும்வரை குத்தினேன்.

மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. கையுறை இருந்ததால் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் தன் இடுப்பு பெல்ட்டை உருவி அண்ணனின் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். அண்ணன் அவரைக் காலால் எட்டி உதைத்தான். அவர் உதையை வாங்கிக்கொண்டே இறுக்கினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் என்ன நடந்தது என்று அவர் எனக்குச் சொன்னார். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் விரல் இருந்தால், இவர் எதையோ நகலெடுக்கப் பார்க்கிறார் என்று பிரவுசர் தன் பட்டியைக் காட்டும். அதை அவர் தடுத்து வைத்திருந்தார். புதிதாக வந்த பிரவுசர் அந்தத் தடையை மதிக்கவில்லை. பட்டி வந்ததும் விரல் பிரவுசருடையதாகிவிட்டது, நான் எடுத்தது பக்கத்துக்குத் தெரியவே இல்லை. அது மோட்டாரிடம் "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. "ஸ்டாண்டர்டுபடி பக்கத்துக்குச் சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னதற்கே வெட்கப்பட்டதுபோல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் அவரை அடித்தேன், முதுகிலும் தலையிலும், கை வலிக்கும்வரை. அவர் நகரவில்லை.

அண்ணன் கண் விழித்ததும் முதலில் கேட்டது அவரைத்தான்.

"உள்ள வா மாப்பிள்ளை."

போனார்.

"குனி."

குனிந்தார். அண்ணன் இடது கையால் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அந்தக் கைக்கு அடித்துப் பழக்கமில்லை. சத்தம்கூடச் சரியாக வரவில்லை. தன் கையைப் பார்த்தான், பிறகு வெள்ளைத் துணி சுற்றிய வலது கையின் மிச்சத்தைப் பார்த்தான்.

"அந்தக் கையா இருந்தா இன்னொரு பல்லு போயிருக்கும்" என்றான். சொல்லிவிட்டு உடம்பு குலுங்க அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அறைந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் உதறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்துற குமிழுக்குத் தனியா வயர் இழு" என்றான். "சுவத்துலேர்ந்து நேரா மோட்டாருக்கு. நடுவுல உன் பக்கமும் வேணாம், என் பெட்டியும் வேணாம். நான்தான் அத உடைச்சுத் தொலைச்சேன்."

"சரி மச்சான்."

"உன் பக்கத்துல அழுத்தம் எவ்வளவுன்னு காட்டு. முதலாளி வீட்டுல உக்காந்து படிக்கட்டும். அதுக்கு அது போதும்."

அவர் தலையாட்டினார். நான் எழுந்து போய் அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இடது கையால் வாங்கி, பாதியை மார்பில் சிந்திக்கொண்டு குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"நீ விட்டுட்டதானே?"

"விட்டுட்டேண்ணே."

"எனக்குத் தெரியும்" என்றான்.

தெரிந்தவன் எதற்குக் கேட்டான் என்று எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.